காறை எலும்புக் கணக்கு

கப்பலின் பெயர் முக்குளிப்பான்.
மாலுமிகளுக்கு அது பிடிக்கவில்லை.
மூழ்குகிற பறவையின் பெயரை
யார் மரத்தில் செதுக்குவார்கள்?

போர்ட்ஸ்மவுத் கிடங்கிலிருந்து பெட்டி வந்தது:
வைக்கோல், எண்ணெய்த் துணி, இருபது துப்பாக்கிகள்.
ஒவ்வொன்றுக்கும் ஏழு குழல்,
நடுவில் ஒன்று, சுற்றி ஆறு,
ஏழுக்கும் ஒரே விசை, ஒரே தீக்கல்.
பாய்மரத் தட்டில் நின்றபடி
எதிரியின் தளத்தில் ஒரே நொடியில் பொழியலாம்
என்றது கூட வந்த தாள்.
அதை எழுதியவர் பாய்மரம் ஏறியவரில்லை;
கையெழுத்து அவ்வளவு நேர்.

நான் கப்பல் மருத்துவரின் உதவியாள்.
மருந்து என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு வீடு:
என் மரப்பெட்டி ஒன்று,
கீழ்த்தளத்துப் பீப்பாய்கள் மற்றொன்று.
அங்கே செலவானால்
இங்கேயும் செலவாகும்.

செவ்வாய்க்கிழமை முதல் பயிற்சி.
ஹானிபல் ட்ரெகென்ஸா, கார்ன்வால்காரன்,
வெள்ளீயச் சுரங்கத்தில் பதினோரு வருடம்
சம்மட்டி தூக்கிய தோள்.
சுட்டான்.
குறியாக மிதந்த பீப்பாய்
மிதந்துகொண்டே இருந்தது.
அவன்தான் உட்கார்ந்துவிட்டான்.
"யாரோ கதவைச் சாத்திட்டாங்க" என்றான்,
கடலைப் பார்த்து.
வலது காறை எலும்பு. ஒன்று.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
இங்கே அந்தச் சிக்கலே இல்லை,
நோவது எய்தவன்தான்.

புதன்கிழமை ஜேபஸ் ஆடி. இரண்டு.
வெள்ளிக்கிழமை ஒரே காலையில் மூன்றும் நான்கும்.
லெப்டினன்ட் யோசித்து
மருந்தைப் பாதியாக்கச் சொன்னார்.
பாதி மருந்தில் குண்டுகள்
மரியாதையாகத் தலைகுனிந்து
கப்பலோரமே கடலில் இறங்கின.

இன்னொரு தொல்லை, தாளில் இல்லாதது:
ஏழில் ஐந்துதான் வெடிக்கும் சில நாள்.
அந்த இடிச் சத்தத்தில் யார் எண்ணுவது?
வெடிக்காத இரண்டு எவை என்று கேட்டால்
துப்பாக்கிக்கு வாய் ஏழு, நாக்கு இல்லை.
எல்லாக் குழலிலும் மறுபடி மருந்து, மறுபடி குண்டு,
ஆடும் கம்பத்தில் ஒரு கையால் கயிறு பிடித்து
ஏழு முறை இடித்து முடிப்பதற்குள்
சமையல்காரர் பட்டாணியை வேகவைத்து
உப்பும் பார்த்துவிடுவார்.
அப்புறம் சுடும்போது
சில குழலில் இரட்டைச் சோறு.
அப்படித்தான் வின்ட்டர் பிங்காமின் கட்டைவிரல்
என் கணக்கில் வந்தது. எலும்புப் பத்தியில் அல்ல,
ஓரத்தில் எழுதினேன்.

அக்டோபரில், உஷான்ட் தீவுக்கு மேற்கே,
பனிமூட்டத்திலிருந்து ஒரு பிரெஞ்சுக் கப்பல்
மிக அருகில், மிக அமைதியாக வந்தது.
ஆடி மேலே இருந்தான், ஆறின தோளோடு.
பயத்தில் முழு மருந்தும் போட்டிருந்தான்.
ஏழும் வெடித்தன, ஒரே ஒருமுறை, ஏழும்.
பிரெஞ்சுக்காரர் ஒருவரின் தொப்பி போனது.
நெருப்பு எங்கள் பாயைப் பிடித்தது.

கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்டவன்போல்
கப்பல் துள்ளியது.
வாளி, வாளி என்று கத்தினோம்.
பீரங்கிக்காரர்கள் பீரங்கியை விட்டுவிட்டுக்
கயிறு ஏறினார்கள்.
கீழே மருந்துக் கிடங்கு இருப்பது
எங்களுக்குத் தெரிந்ததுபோல்
எதிரிக்கும் தெரியும்.
வெடித்துச் சிதறப்போகும் கப்பலுக்கு அருகே
யார் நிற்பார்கள்?
அவர்கள் திரும்பினார்கள், அவசரமாக.
பனி அவர்களை மூடிக்கொண்டது.

லெப்டினன்ட் அன்றிரவு எழுதினார்:
"ஏழு குழல் சுடப்பட்டது. எதிரி விலகினான்."
இரண்டு வாக்கியமும் உண்மை.
இடையிலிருந்த புள்ளியில்தான்
எங்கள் பாய் எரிந்துகொண்டிருந்தது.

நானும் எழுதினேன், அதே தபாலில்:
காறை எலும்பு ஒன்பது, கட்டைவிரல் ஒன்று,
எதிரித் தொப்பி ஒன்று.
கட்டுத்துணி நாற்பது கஜம் வேண்டும்.

மார்ச்சில் பதில் வந்தது, பெட்டியாக.
துணிக்கு அனுமதி இல்லை.
துப்பாக்கி, மேலும் இருபது.
ஆடி அதைப் பார்த்துத் தன் தோளைத் தடவினான்,
ட்ரெகென்ஸா வேறு பக்கம் பார்த்தான்.
நான் ஆணி பிடுங்கி, மூடி திறந்து,
ஒவ்வொன்றையும் சுற்றியிருந்த
எண்ணெய்த் துணியை அவிழ்த்தேன்.
நல்ல துணி, கெட்டி நெசவு.
கை தொங்கவிடும் தூளிக்கு
அளந்து வெட்டியதுபோல் இருந்தது.
இருபது.
மடித்து வைத்துக்கொண்டேன்.